கையெழுத்து பொருந்தவில்லை

பாய்சாந்து நகரில், ஆற்றுக்குப் போகும் தெருவில்
எங்கள் வங்கி. இரண்டாம் கவுன்ட்டர் என்னுடையது.
பதினேழு வருடத்தில் முகங்கள் எத்தனையோ மறந்தாயிற்று.
கிறுக்கல்கள் மறப்பதில்லை.

ஒலேகாரியோ பெந்தான்கூர், கம்பளி வியாபாரி.
அவர் பெயரின் முதல் வட்டம்
கோலிக்குண்டு உருண்டுபோகும் அளவுக்கு இருக்கும்.
கடைசி எழுத்தின் வால்
செக்கைத் தாண்டி என் மேசைக்கு வந்துவிடும்.
ஒருமுறை விரிப்பில் மை பட்டதற்கு
ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டார்.

ஆகஸ்ட் மாதம், குளிர் எலும்பைத் தொடும் ஒரு செவ்வாய்க்கிழமை
அவர் நீட்டிய செக்கில்
எறும்புகள் வரிசையாகக் கிளம்பி
பாதி வழியில்
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

“பொருந்தவில்லை” என்றேன்.
“என் கைதானே போட்டது, மிர்த்தா?”
குரல் கண்ணாடித் தடுப்பின் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
கோபமா கேலியா, முகம் பிடிகொடுக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், விதி அப்படி.
மாலையில் ஆவண அறையில் உட்கார்ந்து
மூன்று வருடத்துச் செக்குகளைத்
தேதிவாரியாகத் தரையில் பரப்பினேன்.
நேர்ச்சாலையில் ஒருவர்
திரும்பிப் பார்க்காமல் நடந்து போவதுபோல்
பெயர் சிறுத்துக்கொண்டே போயிற்று.
போய்க்கொண்டிருப்பது
அவருக்கே தெரியாது என்று தோன்றியது.

மறுநாள் ஜன்னல் வழியாக
அவர் வீதியைக் கடப்பதைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் எல்லோர் இடது அக்குளிலும் ஒரு பிளாஸ்க்.
மாத்தே இலைக்கு ஊற்ற வெந்நீர்.
சந்தைக்கும் அதோடுதான், சவ ஊர்வலத்துக்கும் அதோடுதான்.
ஒரு கையை வீசாமல் நடப்பது
இங்கே நாட்டு வழக்கம்.
அன்று அவர் பிளாஸ்க்கை மறந்து வந்திருந்தார்.
கை மறக்கவில்லை.
இல்லாத பிளாஸ்க்கை இடுக்கியபடியே
வாசல்வரை வந்தது.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி ஸுல்மா வந்தாள்.
கூட்டுக் கணக்கு பற்றிக் கேட்க வந்தவள்
கேட்காததெல்லாம் சொன்னாள்.
தோள் இறுக்கம் என்று ஆறு மாதம் தைலம் தேய்த்ததை.
பால் பொங்கிக் கருகிப் புகையும்போது
அடுப்புக்குப் பக்கத்திலேயே அவர் செய்தித்தாள் படித்ததை.
ராத்திரி கனவில் யாரையோ உதைக்கிறாராம்.
அடி விழுவது இவள் முழங்காலில்.
“வயசாகிறது, வேறென்ன?
கை ஒன்றும் நடுங்கவில்லையே” என்று
தனக்கே பதில் சொல்லிக்கொண்டாள்.

நான் வைத்தியர் இல்லை.
எனக்குத் தெரிந்தது கூட்டலும் முத்திரையும்.
ஆனாலும் நாலு செக்கை நகலெடுத்து,
ஓரத்தில் வருடம் குறித்து,
மேலாளர் காபிக்குப் போன நேரம் பார்த்து
அவள் கைப்பையில் திணித்தேன்.
“மொந்தெவிதேயோவில் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்.
வேறெதுவும் சொல்லவேண்டாம்.”
அவள் நகல்களைப் பார்த்தாள்.
பிறகு வெகுநேரம் கைப்பையின் கொக்கியை
மூடி மூடித் திறந்தாள்.

அக்டோபரில் இருவரும் வந்தார்கள்.
நோய்க்கு ஒரு பெயர் கிடைத்திருந்தது.
மூன்று வேளை மாத்திரை,
கோடு போட்ட நோட்டில் பெரிதாக எழுதும் பயிற்சி.
புதிய மாதிரி அட்டையில் மூன்று இடத்தில் கையெழுத்து வேண்டும்.
நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார்.
முதல் வட்டம் கோலிக்குண்டு.
மீதி இன்னும் எறும்புதான்,
ஆனால் தனித்தனி எறும்பு.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
‘கையெழுத்து மாறியதற்கான காரணம்’.
பேனா என் கையில் நின்றது.
ஸுல்மா கூரையைப் பார்த்தாள்.

“மை விலை ஏறிவிட்டது என்று எழுது” என்றார்.

முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.
எனக்குச் சிரிப்பு வரவே
சற்று நேரமாயிற்று.
அப்படியே எழுதி,
முத்திரை குத்தினேன்.